அயோவாவுக்கு முன்பே அந்த நடை இருந்தது

"அயோவா போய்வந்த பிறகுதான் அசோகமித்திரனுக்கு அந்த எளிய நடை கைவந்தது" என்று அந்தத் தமிழ் எழுத்தாளரைப் பற்றிச் சொல்லப்படும் கருத்து சரியல்ல. அவர் சர்வதேச எழுத்தாளர் பயிற்சித் திட்டத்துக்காக அமெரிக்காவின் அயோவாவுக்குச் சென்றது 1973இல். ஆனால் 'கரைந்த நிழல்கள்' 1960களிலேயே வந்துவிட்டது. சினிமா உலகின் அடித்தட்டை ஒரு உரத்த சொல்கூட இல்லாமல் சொன்ன நாவல் அது. அந்த அடக்கத்தை அவர் சென்னையிலேயே, ஜெமினி ஸ்டூடியோவில் வேலைபார்த்த அனுபவத்திலிருந்தே எழுதிக்காட்டிவிட்டார்.

பயணம் அவருக்குத் தந்தது களமும் மனிதர்களும். பல நாட்டு எழுத்தாளர்கள் ஒரே கட்டடத்தில் தங்கி, ஒருவரையொருவர் புரிந்தும் புரியாமலும் பழகுவதுதான் அவருடைய 'ஒற்றன்!' நாவல். அமெரிக்காவைப் பார்த்து வாய்பிளக்காத, இகழவும் செய்யாத அந்தப் பார்வை எனக்கு மிகவும் பிடித்தது. திரும்பிவந்தபின் 1977இல் வெளியான '18வது அட்சக்கோடு' நாவல்கூட அவர் வளர்ந்த செகந்தராபாத்தின் கதைதான்.