தோட்டம் போனாலும் செக்ரோல் போகக்கூடாது

திருமங்கையாழ்வாரின் வெண்கலச் சிலையை இந்தியாவுக்குத் திருப்பித் தர ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024இல் ஒப்புக்கொண்டது. செய்தி வந்தபோது இங்கே மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாட்சப் குழு முழுக்க அதே பேச்சுதான். எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சிலைக்கு வழி திறந்தது எது என்பதை நம் ஆட்கள் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். 1957இல் கும்பகோணம் பக்கத்துப் பெருமாள் கோயில் ஒன்றில் அதை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அந்தப் படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பத்திரமாக இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகம் சிலையை லண்டன் ஏலத்தில் வாங்கியது 1967இல். பத்து வருடம் முந்திய அந்தப் படம்தான் சாட்சி. ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிய ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014இல் திரும்பி வந்ததற்கும் அதே நிறுவனத்தின் பழைய படங்கள்தான் கைகொடுத்தன.

கையில் படமோ பதிவேடோ இல்லாதவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்பாரில்லை. உலகத்து அருங்காட்சியகங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு இது உறுதியாகிக்கொண்டே வருகிறது. எங்கள் ரப்பர்த் தோட்டங்களின் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைக் காக்க வேண்டும் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

நியூசிலாந்தின் வெலிங்டனில் தே பாப்பா என்ற தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே உடைந்த வெண்கல மணி ஒன்று, மேல்பகுதி மட்டும். 1830களில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் பார்த்தபோது மாவோரி மக்கள் அதைக் கவிழ்த்துப் போட்டு உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். அது அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அது யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்று அதன் மேலேயே தமிழில் வார்த்திருக்கிறது. கப்பல் போனது, ஆள் போனார், மணியிலும் பாதி போனது. பெயர் மட்டும் நிற்கிறது.

ஆனைமங்கலம் செப்பேடுகளும் அப்படித்தான். நெடுங்காலம் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் இருந்ததால் லைடன் செப்பேடுகள் என்றே பெயர் விழுந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஒரு ஊரையே கொடுத்த கணக்கு அது. ஊரின் எல்லை, கொடுத்தவர், பெற்றவர், எழுதியவர் எல்லாம் அதில் உண்டு. கடாரம் என்றால் நம் கெடா. வடக்கே காரில் இரண்டு மூன்று மணி நேரத்தில் பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம். ஆயிரம் வருடத்துக் கதையை நாம் இன்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறோம் என்றால் யாரோ செம்பில் வெட்டி வைத்ததால்தான்.

சரி, நம் தோட்டத்துக் கதைக்கு வருகிறேன்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1753இல் தொடங்கியது ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் சேர்த்து வைத்த 71,000 பொருள்களை வைத்து. அவர் வாங்கிக் குவித்த பணத்தில் ஒரு பகுதி ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து, அவர் மனைவி வழியாக வந்தது. அடிமைகள் உழைத்த தோட்டங்கள் அவை. 2020இல்தான் அவருடைய மார்பளவுச் சிலையை இடம் மாற்றி, அந்த விவரத்தையும் எழுதி வைத்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய சேகரிப்புகளில் ஒன்றுக்கு அடியில் ஒரு தோட்டம் இருக்கிறது என்பதை அருங்காட்சியகமே வெளிப்படையாகச் சொல்ல இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் 1847இலேயே பயன்தரும் செடிகொடிகளுக்கென்று ஒரு அருங்காட்சியகம் வைத்தார்கள். ஹென்றி விக்காம் 1876இல் பிரேசிலிலிருந்து 70,000 கித்தா (ரப்பர்) விதைகளைக் கொண்டுவந்து கொடுத்தது கியூவுக்குத்தான். அங்கே முளைத்த கன்றுகளில் சில 1877இல் சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து கோலகங்சாருக்கு வந்தன. பேராக்கின் ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ நட்ட அந்த மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம். வேலி போட்டுப் பலகை வைத்துப் பாதுகாக்கிறார்கள், நல்ல விஷயம். மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்த, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லியின் பெயரும் எல்லாப் பாடப் புத்தகத்திலும் உண்டு. விதை கொண்டுவந்தவர் பெயர் தெரியும், நட்டவர் பெயர் தெரியும், வெட்டும் முறை சொன்னவர் பெயர் தெரியும். அப்புறம் அறுபது எழுபது வருடம் இருட்டில் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக நடந்து பால் வெட்டியவர்கள் பெயர்?

அதுவும் எழுதப்பட்டுத்தான் இருந்தது. செக்ரோலில்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பெயர் கூப்பிட்டு, வந்தவர்களுக்குக் குறி போடும் பெரிய புத்தகம். எங்கள் தோட்டத்துச் செக்ரோலிலிருந்து கிழிந்த ஒரு தாள் என்னிடம் இருக்கிறது. அதிகாரியாக இருந்த ஒருவர் வீட்டில் அலமாரித் தட்டுக்கு விரித்திருந்த தாள் அது, கேட்டு வாங்கினேன். பழுப்பேறி, மடித்த இடமெல்லாம் பிய்கிறது. இடது ஓரத்தில் எண், பெயர், தகப்பன் பெயர். அப்புறம் மாதத்து நாள்களுக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள். முழு நாளுக்கு ஒரு குறி, அரை நாளுக்கு வேறு குறி. வலது ஓரத்தில் சிவப்பு மையில் பிடித்தம்: அரிசி, முன்பணம். அதில் ஒரு பெண்ணின் வரிசை மாதத்தின் முதல் வாரத்தோடு நிற்கிறது. மீதிக் கட்டமெல்லாம் வெறுமை. பிரசவமா, காய்ச்சலா, ஊருக்குப் போனாரா, தெரியாது. அடுத்த மாதத்துத் தாள் இருந்தால் தெரிந்திருக்கும்.

அடுத்த தாள் இல்லை. தோட்டம் கைமாறி, கித்தாவை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்து, பிறகு அதிலும் பாதி வீடமைப்புக்குப் போனபோது, ஆபீசைக் காலி செய்தவர்கள் புத்தகங்களை ஸ்டோருக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார்கள். இதில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு மாதிரியான பழைய தோட்ட நிறுவனங்களின் தலைமை அலுவலகக் காகிதங்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் வரிசை எண் போட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. பங்குதாரர் கணக்கு பிழைத்துக்கொண்டது. வேலை செய்தவர் கணக்கு சாம்பல்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு ஓர் இடத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவின் லூசியானாவில் விட்னி தோட்டம் என்ற பழைய கரும்புத் தோட்டம் 2014இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பெரும்பாலும் முதலாளியின் மாளிகையையும் மரச்சாமான்களையும் காட்டுவார்கள். விட்னியில் அடிமைகளின் வாழ்க்கையைத்தான் முன்னால் வைத்தார்கள். லூசியானாவில் அடிமைகளாக வாழ்ந்த 1,07,000 பேரின் பெயர்களைக் கருங்கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். இத்தனை பெயர் எங்கிருந்து கிடைத்தது? வரலாற்றாசிரியர் குவெண்டலின் மிட்லோ ஹால் பல வருடம் உட்கார்ந்து, விற்பனைப் பத்திரம், சொத்துப் பட்டியல் என்று பழைய காகிதங்களிலிருந்து எடுத்தார். மாடு, கலப்பை, வண்டி என்ற பட்டியலோடு மனிதர்களையும் விலை போட்டு எழுதி வைத்த காகிதங்கள். கொடுமைக்காக எழுதிய கணக்கே கடைசியில் அந்த மக்களுக்கு நினைவுச் சின்னமாகிவிட்டது. மொரிஷியஸிலும் அப்படித்தான். ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பதிவேடுகளையும் புகைப்படங்களையும் மகாத்மா காந்தி நிறுவனம் காத்து வருகிறது. பேரன் பேத்திகள் போய்ப் பாட்டன் வந்த கப்பலைத் தேடி எடுக்கிறார்கள்.

நமக்கு ஏன் இல்லை? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தின் காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 போர்க் கைதிகளின் கல்லறைகள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் வயதும் உண்டு. அதே பாதையில் செத்த ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு, 90,000 வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் அதில் ஆயிரக்கணக்கில். ‘சயாமுக்குப் போனவர் வரவில்லை’ என்று ஒரே வரியில் முடியும் கதை இங்கே எத்தனையோ குடும்பத்தில் உண்டு. 1942, 1943ஆம் வருடத்துச் செக்ரோல்கள் இருந்திருந்தால் எந்தத் தோட்டத்தில் யார் பெயர் எந்த மாதத்தோடு நின்றது என்று பார்த்து ஒரு பட்டியலே போட்டிருக்கலாம்.

தோட்டப்புற அருங்காட்சியகம் வேண்டும் என்ற பேச்சு நம்மிடையே அவ்வப்போது எழும். எழட்டும். ஆனால் பேச்சு எப்போதும் கட்டடத்தில் போய் முட்டி நின்றுவிடுகிறது. நிலம், நிதி, திறப்பு விழா, பால் வெட்டுவது போல ஒரு பொம்மை. இதில் எனக்கு உடன்பாடில்லை. இலங்கையைப் பாருங்கள். கண்டி பக்கம் ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் ஓர் அருங்காட்சியகம், இயந்திரங்களெல்லாம் பளபளவென்று இருக்கும். கம்பளைப் பக்கம் பாரதேக்கவில் இன்னொன்று. ஒரு பழைய லயத்தையே, அதாவது தொழிலாளர் குடியிருந்த வரிசை வீட்டையே, அருங்காட்சியகமாக்கி, தோட்டத் தொழிலாளர்களின் சாமான்களையும் காகிதங்களையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டில் எது நமக்கு முன்மாதிரி என்று என்னைக் கேட்டால் லயம்தான். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் உள்ள ஸ்கான்சன் 1891இல் திறந்த திறந்தவெளி அருங்காட்சியகம். அங்கேகூடப் பண்ணைக் கூலிகள் குடியிருந்த ஒரு வரிசை வீட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நம் நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம், 1883இல் தொடங்கியது, பக்கத்துத் தைப்பிங்கில்தான் இருக்கிறது. அங்கே நம் பால்வாளிக்கும், அதைத் தோளில் தூக்கும் காண்டாக் கம்புக்கும் இடம் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் கேட்கப் போகும்போது வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. யார் தூக்கிய வாளி, எந்தத் தோட்டம், எந்த நிரை என்று சொல்லத் தெரிய வேண்டும். அது இல்லாத வாளி பழைய இரும்புக் கடைக்குப் போனாலும் ஒன்றுதான், கண்ணாடிப் பெட்டிக்குள் போனாலும் ஒன்றுதான்.

ஆகவே சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத்தில் இருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். முன்னாள் கிராணி, மண்டோர் (மேஸ்திரி), பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை ஆயா, தோட்டப் பள்ளி ஆசிரியர் வீடுகளில் செக்ரோல் தாள், சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா அட்டை, பழைய அடையாளக் கார்டு, பெரட்டுக்களத்துப் படம் எது இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், இரண்டுமே காகிதத்தைக் கெடுக்கும். படத்தின் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம். மெல்லிய பென்சிலால் அழுத்தாமல், இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயரை எழுதுங்கள். வயதானவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். கறையானுக்கு எட்டாத, ஈரம் படாத இடத்தில் வையுங்கள், வெயிலிலும் வேண்டாம். கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாக, ஓரம் வெட்டுப்படாமல் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும். தோட்டவாரியாகப் பெயர்ப் பட்டியல் போட்டு, ஒரு பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு பிரதியை அந்தந்த வட்டாரத் தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கும் கொடுக்கும் வேலையை நானும் சில நண்பர்களும் தொடங்கியிருக்கிறோம். தட்டச்சு செய்யத் தெரிந்த இளையவர்கள் வேண்டும். கிராணியின் ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் அதைவிட அவசரமாக வேண்டும்.