ஜாம்போரி ரோடும் எங்கள் 80 சென்டும்

கலிஃபோர்னியாவில் இர்வைனுக்கு வந்த புதிதில், இங்கிருக்கும் பெரிய சாலைக்கு ஏன் ஜாம்போரி ரோடு என்று பெயர் என்று குழம்பியிருக்கிறேன். 1953இல் சுமார் 50,000 சாரணர்கள் இந்தப் பக்கம் கூடாரம் அடித்து ஜாம்போரி என்ற பெரிய சாரணர் முகாம் நடத்தினார்களாம். அன்றைக்கு இங்கே ஊரே கிடையாது. எல்லாம் இர்வைன் குடும்பத்தின் பண்ணை.

அதற்கும் முன்னால் பூர்வகுடிகளின் மண். அப்புறம் ஸ்பானியத் திருச்சபை, அப்புறம் மெக்சிகோ அரசு மானியமாகக் கொடுத்த ராஞ்சோக்கள், அதாவது பெரிய மாட்டுப் பண்ணைகள். அதில் ஒன்றின் சொந்தக்காரர் ஹோசே செபுல்வேதா. குதிரைப் பந்தயத்தில் பெரிய பிரியம். கலிஃபோர்னியா அமெரிக்கா கைக்குப் போனதும் பட்டா தன்னுடையதுதான் என்று நிரூபிக்கவே கடன் ஏறியது. பெரும் வறட்சி வேறு வந்து மாடுகள் செத்து விழுந்தன. 1864இல் நிலத்தை விற்றுவிட்டார். வாங்கிய கூட்டாளிகளில் ஒருவர் ஜேம்ஸ் இர்வைன், அயர்லாந்திலிருந்து வந்த மளிகை வியாபாரி. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்திக்குத் தட்டுப்பாடு வந்து கம்பளிக்குக் கிராக்கி இருந்த நேரம், ஆடுகளை விட்டார்கள். 1876இல் கூட்டாளிகளின் பங்கையும் அவரே வாங்க, சுமார் 1,10,000 ஏக்கர் ஒரே கையில் சேர்ந்தது.

ஆட்டுக்குப் பின் குத்தகை விவசாயம். லைமா பீன்ஸ் (நம்ம ஊர் டபுள் பீன்ஸ்தான்), அப்புறம் ஆரஞ்சுத் தோப்பு. இரண்டாம் உலகப் போரில் பீன்ஸ் வயல்களில் ராணுவ விமானத் தளங்கள் வந்தன. இரும்பு போருக்கே போதவில்லை என்று, ராட்சத பலூன் போன்ற ஆகாயக் கப்பல்களை நிறுத்த, பக்கத்து ஊரான டஸ்டினில் மரத்தாலேயே 17 மாடி உயரத்துக்கு இரண்டு கொட்டகை கட்டினார்கள். அதில் ஒன்று 2023 நவம்பரில் எரிந்துபோனது. புகை வாசம் பல நாள் போகவில்லை.

1960இல் குடும்பத்தின் இர்வைன் கம்பெனிக்காரர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு 1,000 ஏக்கரை ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். தர்மம் என்று தோன்றும். பக்கத்து நிலத்தின் விலை எங்கே போகும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அவர்கள் என்பதுதான் என் எண்ணம். 1971இல் இர்வைன் நகரமானது.

‘என்ன பிளானிங் பாருங்க’ என்று வருகிறவர்கள் எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கென்னவோ முக்கியமான காரணம் வேறு என்று படுகிறது: இந்த நிலத்துக்குப் பாகப்பிரிவினை நடக்கவில்லை. 1937இல் ஜேம்ஸ் இர்வைனின் மகன் பெரும்பங்கை ஓர் அறக்கட்டளையிடம் வைத்துவிட்டார். அந்த மகனின் பேத்தி ஜோன் இர்வைன் ஸ்மித் அதை எதிர்த்து வருஷக்கணக்கில் சண்டை போட்டார். ஆனாலும் நிலம் துண்டாகவில்லை. 1977இல் கைமாறியபோதும் கம்பெனி மொத்தமாகத்தான் போனது. ஆடோ பீன்ஸோ வீடோ, முடிவெடுக்க ஒரே ஒரு கையெழுத்து போதும்.

இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அந்த ஒரு கையெழுத்தில் குத்தகைக்காரனுக்கு எந்தக் காலத்திலும் இடமிருந்ததில்லை.

தாத்தாவின் 4 ஏக்கர் ஐந்து பிள்ளைகளுக்குப் பிரிந்தது. அப்பாவுக்கு 80 சென்ட். சரி, ஒரு கோழிப் பண்ணையாவது போடலாம் என்று போன வருஷம் ஊருக்குப் போனேன். வண்டி போகும் பாதை சித்தப்பாவின் பங்கு வழியாக. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.