சத்துணவு ஆய்வு நம் அடுப்படி வரை வர வேண்டும்

மலேசியத் தமிழரின் உடல்நலம் பற்றி யார் பேசினாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. நமக்கு வாயைக் கட்டத் தெரியவில்லையாம். மேடையில் மருத்துவரும் இதைச் சொல்கிறார், கல்யாண வீட்டில் சித்தப்பாவும் இதைச் சொல்கிறார். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒரு சமூகமே நோயில் விழுந்து கிடக்கும்போது ஒவ்வொருவரின் நாக்கையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் யாருக்கும் சர்க்கரை இறங்கப் போவதில்லை.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31 விழுக்காட்டுக்கும் மேல். 2023-இல் நாட்டின் சராசரி 15.6 ஆக இறங்கியது என்றாலும், நாம்தான் இன்னும் முன்வரிசையில் நிற்கிறோம். இந்த எண்கள் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வோர் ஆய்வு வெளிவரும்போதும் நாளிதழில் தலைப்பாக வரும், இரண்டு நாள் பகிர்வோம், பிறகு மறப்போம். இடையில் அந்த எண் எந்த அடுக்களைக்குள்ளும் நுழைவதில்லை. என் ஆதங்கமே இதுதான்.

போன மாதம் செந்தூல் பக்கம் ஒரு கோயிலில் இலவச மருத்துவப் பரிசோதனை நடந்தது. மண்டபத்தின் ஒரு மூலையில் மேசை போட்டு, விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்து, இனிப்பு அளவு பார்த்தார்கள். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்தவர் என்று பேச்சிலேயே தெரியும் ஓர் அம்மா, கையில் கொடுத்த துண்டுத்தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். சுகாதார அமைச்சு ஊரெங்கும் ஒட்டியிருக்கும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' படம்தான். எழுத்து முழுக்க மலாய். "இதுல சாம்பாரை எந்தப் பக்கம் ஊத்தறது, தம்பி?" என்று கேட்டார். தொண்டூழியப் பையன் சிரித்து, தலையைச் சொறிந்து, "கொஞ்சமா ஊத்திக்கங்க பாட்டி" என்றான்.

பத்தடி தள்ளி அன்னதானம். கரண்டி கரண்டியாக வெள்ளைச் சோறு, அதன்மேல் சாம்பார், பக்கத்தில் உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், பாயசம், குடிக்க ரோஸ் சிராப். முட்டைக்கோஸ் பொரியல் இலையின் ஓரத்தில் ஒரு சிட்டிகை. பரிசோதனை மேசையில் சர்க்கரை கூடுதல் என்று கேட்டவர்கள் எல்லோரும் நேரே இந்த வரிசையில்தான் நின்றார்கள். பரிமாறியவர்கள் அன்போடுதான் பரிமாறினார்கள். அந்த மேசைக்காரர்களும் இந்த அடுப்புக்காரர்களும் ஒரே கோயிலுக்குள் இருந்தும், அன்றைக்கு என்ன சமையல் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

சத்துணவு ஆய்வு நம் பானையைப் பார்த்துத் தொடங்கிய காலம் ஒன்று இதே ஊரில் இருந்தது. நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் சுரங்கங்களிலும் சிறைகளிலும் பெரிபெரி நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. கால் வீங்கும், நரம்பு தளரும், இதயம் நின்றுவிடும். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை வாட்டிய நோய், தோட்டத்துத் தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை. தமிழர் பானையில் வெந்தது புழுங்கல் அரிசி.

அதைச் சோதித்துப் பார்த்தவர் கோலாலம்பூர் மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1905 இறுதியில், இங்கிருந்த மனநோயாளர் விடுதியில், நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு பக்கக் கட்டடத்துக்கும் இரட்டைப்படை எண்காரர்கள் எதிர்ப்பக்கக் கட்டடத்துக்கும் போனார்கள். ஒரு பக்கத்துக்குத் தீட்டிய பச்சரிசி, மறு பக்கத்துக்குப் புழுங்கல். கட்டடமே நோய்க்குக் காரணமாக இருக்குமோ என்று நடுவில் இரு பக்கத்தையும் இடம் மாற்றியும் பார்த்தார். நோய் அரிசியோடுதான் போனது. ஓராண்டு முடிவில் பச்சரிசிப் பக்கம் பெரிபெரியால் 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கல் பக்கம் அந்த நோயால் ஒரு சாவும் இல்லை. 1907-இல் லண்டனின் லான்செட் இதழில் இது வெளியானது. 1900-இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, அரிசியைத் தீட்டும்போது கழியும் தவிட்டில்தான் காக்கும் பொருள் இருக்கிறது என்று காட்டினார்கள். நெல்லை வேகவைக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் என்ற வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை.

சம்மதம் கேட்காமல், தங்களுக்கு என்ன நடக்கிறது என்று அறியாத மனிதர்கள்மேல் நடத்திய சோதனை அது. அந்த 18 பேரை மறந்துவிட்டு அதைக் கொண்டாட என்னால் முடியாது. ஆனாலும் அந்த ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி: இந்த மக்களின் சோற்றில் என்ன இருக்கிறது?

இன்றைக்கு அந்தக் கேள்வியை நம் அடுக்களையில் வந்து யார் கேட்கிறார்கள்? புழுங்கல் உண்ட வீடுகள் பலவும் வெள்ளைப் பச்சரிசிக்கு மாறிவிட்டன. வெளிநாட்டிலிருந்து வரும் பொன்னிப் புழுங்கல் விலை கூடுதல். பன்னிரண்டு மணி நேரம் காவல் வேலை பார்த்துவிட்டு வருபவருக்கு, விடியற்காலையில் பசியாற ஒட்டுக்கடையில் கிடைப்பது ரொட்டி சானாயும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும்தான். அவரிடம் போய் "அரைத் தட்டு காய்கறி" என்றால் அவர் எங்கே போவார்? பெரியவர்களில் 95 விழுக்காட்டினர் போதிய காய்கறியும் பழமும் உண்பதில்லை என்று தேசிய ஆய்வு சொல்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஒரே தவற்றைச் செய்தால், அது தனிமனிதத் தவறாக இருக்க முடியாது. கடையும் விலையும் வேலை நேரமும் சேர்ந்து செய்யும் காரியம் அது.

பிள்ளைகள் நிலை இன்னும் கவலை தருகிறது. கோலாலம்பூரின் மலிவு அடுக்குமாடிகளில் யுனிசெப் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். அதே ஆய்வில் ஏறக்குறைய 23 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு எடை கூடுதல் அல்லது உடற்பருமன். ஒரே மாடி, ஒரே மின்தூக்கி, சில வேளை ஒரே குடும்பம். மலிவாக வயிற்றை நிரப்பும் உணவு மாவும் சர்க்கரையும் எண்ணெயுமாக இருக்கும்போது, பிள்ளை குட்டையாகவும் வளரும், பருமனாகவும் வளரும்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2019 ஜூலையில் இனிப்பு பானங்களுக்குக் கலால் வரி வந்தது. நூறு மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 40 சென். பின்னர் அது உயர்த்தவும்பட்டது. நல்ல சட்டம், வரவேற்கிறேன். ஆனால் கடையில் ஆற்றிக் கொடுக்கும் தே தாரிக் அந்த வரிக்குள் வருவதில்லை. பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குத் துணை உணவுத் திட்டம் பல்லாண்டுகளாக நடக்கிறது. கொஸ்பென் என்ற சமூக சுகாதாரத் திட்டத்தின் தொண்டூழியர்கள் குடியிருப்புகளுக்கு வந்து இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டிய குறைந்த வருமானக்காரர்களுக்கு பெக்கா பி40 என்ற அரசாங்கத் திட்டம் வழியாக இலவசப் பரிசோதனை கிடைக்கிறது. நம்மில் பலர் இன்னும் அதற்குப் போகவே இல்லை. தகுதி இருந்தால் இந்த வாரமே போங்கள்.

பரிசோதனைக்குப் பிறகு என்ன என்பதில்தான் எல்லாம் நொண்டுகிறது. பின்லாந்தின் வடக்குக் கரேலியாவில் 1972-இல் இதய நோயைக் குறைக்க ஒரு சமூகத் திட்டம் தொடங்கினார்கள். அதை நடத்திய மருத்துவர் பெக்கா புஸ்கா துண்டுத்தாளோடு நிற்கவில்லை. ஊர்ப் பெண்கள் அமைப்போடு சேர்ந்து, அவர்களுடைய வழக்கமான சமையலையே குறைந்த கொழுப்பில் செய்து ஊர்கூடி உண்ண வைத்தார். தொத்திறைச்சி செய்பவரிடமும் பால் ஆலைகளிடமும் பேசினார். நாற்பது ஆண்டுகளில் அங்கே உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணம் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

நமக்கு அந்தப் பெண்கள் அமைப்பின் இடத்தில் இருப்பது கோயில் மடப்பள்ளி. நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே அடுப்பில் சமைக்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது? அந்தப் பாட்டி கேட்ட கேள்விக்கும் அங்கேயே பதில் சொல்ல முடியும். வாழை இலையின் மேல்பாதி காய்கறிக்கு, கீழ்ப்பாதி சோற்றுக்கு என்பது நம் பந்தி முறை. அமைச்சு சொல்லும் அரைப் பங்கு நம் இலையிலேயே இருக்கிறது. மேல்பாதியை நாம்தான் உருளைக்கிழங்கும் அப்பளமும் வைத்து வீணாக்குகிறோம். அங்கே கீரைக் கூட்டும் பீன்ஸ் பொரியலும் தாராளமாக வரட்டும், சுண்டல் வரட்டும். சாம்பார் பருப்பும் காயுமாகக் கெட்டியாக இருக்கட்டும். சோறு ஒரு கரண்டியோடு நின்று, கேட்டால் மட்டும் இன்னொன்று. சிராப்புக்குப் பதில் மோர். செலவு பெரிதாக ஏறிவிடாது. தைப்பூசத்தில் பத்துமலைக்குப் போகும் வழியெல்லாம் பந்தல் போடுகிறவர்களும் பொட்டலப் பானத்துக்குப் பதில் நீர்மோர் கொடுக்கலாம்.

கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை மருத்துவப் பரிசோதனைக்கு அழைக்கும்போது, சுகாதார கிளினிக்கின் சத்துணவு அதிகாரியை மேசையில் மட்டும் உட்கார வைக்காதீர்கள். முதல் நாளே மடப்பள்ளிக்கு அழைத்துப் போய், தலைமைச் சமையல்காரரோடு பேச விடுங்கள். தமிழ் பேசும் அதிகாரி வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் சிற்றுண்டிச்சாலைக்காரரிடம் இப்படிப் பேசலாம்.

தேசிய ஆய்வுக்காரர்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், கடன்காரரோ விற்பனையாளரோ என்று நினைத்து உள்ளேயே இருந்துவிடாதீர்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் திறங்கள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், நல்ல பேர் வாங்குவதற்காகக் குறைத்துச் சொல்லாதீர்கள். இரண்டாம் முறை போட்ட சோறு, மாலைத் தேநீரின் கெட்டிப்பால், அன்னதானத்துப் பாயசம், எல்லாவற்றையும் சொல்லுங்கள். நமக்கான திட்டத்தை அவர்கள் அந்தப் பதிலை வைத்துத்தான் எழுதுவார்கள்.