கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு மெய்யியலை எங்கே தொடங்குவது?

தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகளுக்கு மெய்யியல் எதற்கு என்று இந்தத் தவணையும் கேட்டார்கள். கேட்டவர்கள் வெளியாட்கள் இல்லை, கூடப் படிப்பிக்கிறவர்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்தப் பாடத்தை நாங்கள் வழமையாக நடத்துகிற விதத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

முதல் கிழமை தேலிஸ். அடுத்தது சோக்ரடீஸ். பிறகு பிளேட்டோ, அரிஸ்டோட்டில், டேக்கார்ட், கான்ட் என்று கிழமைக்கு ஓர் ஆள். கடைசியில் ‘டேக்கார்ட்டின் ஐயமுறையை விளக்குக’ என்று பரீட்சையில் ஒரு வினா. பிள்ளைகள் குறிப்பைப் பாடமாக்கி எழுதி நல்ல புள்ளியும் எடுப்பார்கள். அந்த மூன்று மாதத்தில் ஒருவருக்கும் ஓர் ஐயமும் வந்திருக்காது.

என் நிலைப்பாடு இதுதான்: பெயர்களில் தொடங்கக் கூடாது. அந்தப் பிள்ளைகளின் மேசையில் கிடக்கிற வேலையில் தொடங்க வேண்டும். கேள்வி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. ஆளின் பெயர், கேள்வி சூடான பிறகு வந்தால் போதும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சிறு படகுகள் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று முன்கூட்டிச் சொல்லும் நிரல் ஒன்றை ஒரு குழு செயற்றிட்டமாகச் செய்திருந்தது. காற்றின் வேகம், அலையின் உயரம், முந்தைய நாட்களின் நிலை எல்லாம் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். 96 வீதம் சரியாகச் சொல்கிறது என்று திரையில் காட்டினார்கள். தரவு எந்த மாதங்களுடையது என்று கேட்டேன். ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை. திருகோணமலைக் கடலைத் தெரிந்தவர்களுக்கு இது போதும். அது கச்சான் என்கிற தென்மேல் காற்று வீசும் காலம், இந்தக் கரையில் கடல் பெரும்பாலும் படிந்து கிடக்கும். எந்த நாளும் ‘போகலாம்’ என்று மட்டும் சொல்கிற ஒரு நிரலுக்கும் அந்த மாதங்களில் நல்ல புள்ளி கிடைத்துவிடும். வடகீழ்க் காற்றான வாடை தொடங்கினால் கதை வேறு.

அதோடு முடிந்திருந்தால் அது புள்ளிவிபரவியல் வகுப்பு. கிண்ணியாவில் இருந்து வருகிற ஒரு பிள்ளை கையை உயர்த்தியது. “மிஸ், எங்கட வாப்பாவும் பழைய நாளை வச்சுத்தானே சொல்ற? வாடையில என்ன நடக்கும் எண்டும் போன வாடையை வச்சுத்தான் சொல்ற. அப்ப பன்னிரண்டு மாசத் தரவு குடுத்தாலும் இதே கேள்வி இருக்குதானே?”

பின்வரிசைப் பையன் ஒருவன் விடவில்லை. “வாப்பா வானத்தையும் பாப்பார்தானே?” என்றான். “பாக்கிறதும் முந்திப் பாத்த வானத்தோட ஒப்பிட்டுத்தான்” என்று அந்தப் பிள்ளை திருப்பிச் சொன்னது.

ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூமை அந்த இடத்தில்தான் கொண்டுவந்தேன். 1748இல் அவர் கேட்டதும் இதுதான். இதுவரை நடந்த மாதிரியே இனியும் நடக்கும் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? ‘இதுவரை அப்படி நம்பியதில் பிழை வரவில்லை’ என்றால், நிறுவ வேண்டியதையே சான்றாக வைக்கிறோம். வகுப்பில் யாரும் குறிப்பு எழுதவில்லை. சண்டைதான் பிடித்தார்கள்.

அடுத்த வகுப்பில், செய்மதிகளை விண்ணுக்கு ஏற்றும் ஏரியான் 5 ஏவூர்தியை எடுத்தோம். 1996 ஜூன் 4, மேலெழுந்து 40 விநாடி அளவில் சிதறியது. ஏரியான் 4இல் பிழையில்லாமல் ஓடிய மென்பொருள் பகுதியை அப்படியே புதியதிலும் வைத்திருந்தார்கள். புதிய ஏவூர்தியின் கிடைவேகம் அதிகம். 64 பிட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் அது கொள்ளாமல் போய்விட்டது. பிழை எங்கே என்று கணினிப் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். ‘முந்தியதில் வேலை செய்தது’ என்பது எப்போது சான்று, எப்போது வெறும் பழக்கம் என்று கேட்டால்தான் நேரம் எடுக்கும். சோதனை, நிரலில் வழு இருப்பதைக் காட்டும், இல்லை என்பதைக் காட்டாது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1969இல் சொன்னது அவர்களுக்குப் பாடமாகத் தெரியும். அது ஹியூமின் கேள்விக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை.

எது சான்று என்று கேட்கும் மரபு நம்மிடமும் இருக்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் ஒரு முழு அளவையியல் (தருக்க) வகுப்பே நடக்கிறது. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டியது. புகை இருப்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை எடுத்துக்காட்டு. பிறகு எந்த ஏது போலி, எந்த எடுத்துக்காட்டு போலி என்று வகைவகையாகப் பிரித்துக்கொண்டு போகிறது. உயர்தரத்தில் கலைப்பிரிவில் அளவையியல் படித்த பிள்ளைக்கு இது கொஞ்சம் பழக்கம். கணிதப் பிரிவில் வந்த பிள்ளைக்கு இப்படி ஒன்று தமிழில் இருக்கிறது என்பதே செய்தி. ‘96 வீதம்’ கதையை இந்தச் சட்டகத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஏதுப் போலி எங்கே என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். பாடம் ஆங்கில மொழிமூலம். ஆனால் வாதம் சூடேறினால் தமிழுக்கு வந்துவிடுவார்கள், நான் தடுப்பதில்லை. வகுப்பில் சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற தமிழ்ப் பிள்ளை, நடந்த வாதத்தை ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுக்கும். சிங்களத்தில் ஒரு வாதம் எழுந்தால் மற்றப் பக்கமாக இதே வேலை. வகுப்பு மெதுவாகத்தான் நகரும், நகரட்டும். தான் ஏற்றுக்கொள்ளாத ஒரு வாதத்தை, அதைச் சொன்னவர் ‘ஓம், நான் சொன்னது இதுதான்’ என்று தலையாட்டும் அளவுக்கு இன்னொருவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதைவிடப் பெரிய பயிற்சி இந்தப் பாடத்தில் வேறு இல்லை. இந்த ஊரில் அதன் தேவையை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, ஆகவே ஒழுக்கவியல் மட்டும் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எது சான்று என்று கேட்கப் பழகாத பிள்ளைக்கு எது நியாயம் என்பதும் ஒப்புவிக்கிற பட்டியலாகத்தான் போகும். நேர்முகப் பரீட்சைக்கு உதவும் என்று சொல்லி விற்பதும் வேண்டாம்.

தொழில்நுட்பப் பிள்ளைகளிடம் ஒரு நல்ல குணம் உண்டு. ஓர் எதிருதாரணம் காட்டினால் கோபப்படாமல் ‘சரி, உடைஞ்சிட்டு’ என்று ஒப்புக்கொள்வார்கள். நிரல் ஒவ்வொரு நாளும் அவர்களைப் பிழை பிடித்துப் பழக்கியிருக்கிறது. முடியாத கேள்வியோடு இருக்கத்தான் பொறுமை இல்லை. “சரியான விடை எது மிஸ்?” என்று கேட்பார்கள். இங்கே ஆசிரியர் ‘மெய்யியலில் எல்லா விடையும் சரிதான்’ என்று சொன்னால் பாடம் அந்த இடத்திலேயே கெட்டுப்போகும். எல்லாம் சரியில்லை. சில விடைகள் மோசம், ஏன் மோசம் என்று காட்டவும் முடியும். அதைக் காட்டத்தான் வகுப்பு.

பரீட்சையை மாற்றாமல் இதெல்லாம் நிலைக்காது. முன்பு பார்த்திராத ஒரு வாதத்தை, ஒரு பக்க அளவில், கொடுக்க வேண்டும். முதலில் அதை அதன் முழுப் பலத்தோடு எடுத்துச் சொல்லட்டும். பிறகு எங்கே போலி என்று காட்டட்டும். அரைவாசிப் புள்ளி இதற்கு. திருத்த நேரம் போதாது என்பது உண்மையான பிரச்சினை. அதற்காகத்தான் ஆட்களின் தொகையைக் குறைக்கச் சொல்கிறேன். மணிமேகலையின் அளவை, டேக்கார்ட், ஹியூம், இயந்திரம் சிந்திக்குமா என்று கேட்கும் 1950 கட்டுரையோடு டியூரிங். ஒரு தவணைக்கு இவ்வளவும் தாராளம்.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் இதை எழுத்தில் வைக்கப் போகிறேன். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ இதே பாடம் எடுக்கிறவர்கள், இப்படியான வினாத்தாள் ஏதும் செய்து பார்த்திருந்தால் தயவுசெய்து எனக்கு அனுப்புங்கள். முன்மொழிவோடு இணைத்துக்கொள்கிறேன்.