சிலோன் போற நம்ம சனங்களுக்கு: காசு மாத்தறதப் பத்தி ஒரு பதிவு

அடுத்த மாசம் நம்ம லைன்ல இருந்தே ரெண்டு குடும்பம் சிலோன் போறாங்க. நேத்து கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல பாத்தப்ப ஒரு அக்கா கேட்டாங்க, "தம்பி, காசு இங்கயே மாத்திக்கவா, இல்ல அங்க போய் மாத்தவா"ன்னு. பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள பஸ் எடுத்துட்டான். மீதிய இங்க எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், போறவங்க யாராச்சும் இருந்தா அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க.

எங்க அம்மா இலங்கை மலையகத்துல டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல (தொழிலாளிங்க இருக்கற வரிசை வீடு) பொறந்தவங்க. தோட்டத் தமிழருங்கள்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்பின 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியாவுக்குப் பேரு வந்து, ஒம்பது வயசுல தலைமன்னார்ல கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து வந்தவங்களத் தங்க வச்ச மண்டபம் கேம்ப்ல இருந்துட்டு, அப்புறம் இந்த மலைக்கு வந்தாங்க. அவங்க அக்கா, எங்க பெரியம்மா, அந்தப் பக்கமே பிரஜாவுரிமை கெடச்சு நின்னுட்டாங்க. அம்பது வருஷம் கழிச்சு 2024 மே மாசந்தான் அக்காவப் பாக்க அம்மாவக் கூட்டிட்டுப் போனேன். கையில இருந்தது அம்மா கொழுந்து பறிச்ச கூலியில மூணு வருஷமா சீட்டு போட்டுச் சேத்த காசு, அக்கா கையில குடுக்கணும்னே வச்சிருந்தது.

அந்தக் காச நான் எங்க மாத்தினேன்னா, விமானம் ஏறப் போற ஏர்போர்ட்ல, செக்யூரிட்டி தாண்டி உள்ள இருந்த கவுன்ட்டர்ல. "கமிஷன் கிடையாது"ன்னு பெருசா போர்டு. சரி கமிஷனே இல்லையேன்னு 500 டாலர் வாங்கினேன், டாலருக்கு 88 ரூபா 60 பைசா போட்டாங்க. உக்காந்து போன எடுத்துப் பாத்தா அன்னைக்கு மார்க்கெட் ரேட் 83 ரூபா 40 பைசா. டாலருக்கு 5 ரூபா 20 பைசா ஜாஸ்தி, 500 டாலருக்கு 2,600 ரூபா. பச்சைத் தேயிலை கிலோ இருபது ரூபான்னு வச்சா 130 கிலோ கொழுந்துங்க. அம்மாகிட்ட நான் இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

கமிஷன் இல்லைன்னா அவங்க லாபம் ரேட்டுக்குள்ள இருக்குன்னு அர்த்தம். ஜிஎஸ்டியும் பெரிய செலவு கிடையாது. ஒரு லட்சம் வரைக்கும் மாத்தினா தொகையில ஒரு சதவீதத்த மட்டும் கணக்குல எடுத்து அதுக்குத்தான் 18 சதவீதம் வரி, கொறஞ்சது 45 ரூபா. நாப்பதாயிரம் மாத்தினா 72 ரூபாதான் வரும். அதனால கடையில "கமிஷன் எவ்வளவு"ன்னு கேக்காதீங்க, "500 டாலர் நோட்டுக்கு எல்லாம் சேத்து நான் எவ்வளவு ரூபா தரணும்"னு கேளுங்க. அந்த ஒரு நம்பர் வந்தாத்தான் ஒரு கடையையும் இன்னொரு கடையையும் ஒப்பிட முடியும்.

ரெண்டாவது தடவ, 2025 தை மாசம், பெரியம்மா பேத்தி கல்யாணத்துக்குப் போனப்ப அப்படித்தான் செஞ்சேன். கெளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கோயமுத்தூர்ல மூணு கடைக்கு போன் போட்டு இதே கேள்விய கேட்டேன், மூணு பேரும் மூணு வெல சொன்னாங்க, கொறைவா சொன்னவங்களோடத மத்தவங்ககிட்ட சொன்னதும் ஒருத்தர் இன்னும் எறங்கி வந்தார். மார்க்கெட்ல 86.50 இருந்த அன்னைக்கு எனக்கு 87.30க்கு கெடச்சுது. அதே 500 டாலருக்கு ஜாஸ்தியா போனது 400 ரூபாதான். மேட்டுப்பாளையம் எறங்கி கோயமுத்தூர் போய் வர்ற பஸ் காசையும் சேத்துக்கங்க, அப்பவும் லாபம்தான். ரிசர்வ் வங்கி லைசென்ஸ் உள்ள கடையான்னு மட்டும் பாத்துக்கங்க. பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் கேப்பாங்க. 50,000 ரூபாய்க்குக் கீழன்னா ரொக்கமா குடுக்கலாம், அதுக்கு மேல பேங்க் மூலமாத்தான் குடுக்கணும். ரசீது இல்லாம வராதீங்க. துபாய்ல இருந்து வந்தவர்கிட்ட நேரா டாலர் வாங்கிக்கலாம்னு பஜார்ல சொல்லுவாங்க, ரேட் நல்லாத்தான் இருக்கும், ஆனா அது சட்டப்படி தப்பு, கள்ள நோட்டு வந்தா யாருகிட்டப் போய் நிப்பீங்க.

டாலர் எதுக்கு, நேரா இலங்கை ரூபாயே வாங்கிட்டா என்னன்னு கேப்பீங்க. அது இந்தப் பக்கம் சுலபமா கெடைக்காது, கெடச்சாலும் ரேட் மோசம். இந்திய ரூபாயக் கட்டா எடுத்துட்டுப் போறதும் வேணாம், 25,000க்கு மேல கொண்டு போகவே கூடாது, அங்கயும் டாலருக்குக் குடுக்கற மாதிரி நல்ல ரேட் இதுக்குக் குடுக்க மாட்டாங்க. டாலரா வாங்குங்க, நூறு டாலர் நோட்டா கேளுங்க, மடிப்பு, கிறுக்கல், கிழிசல் இல்லாத நோட்டா பாத்து வாங்குங்க. கட்டுநாயக்கவுல, அதாவது கொழும்பு ஏர்போர்ட்ல, எறங்கி வெளிய வர்ற எடத்துலயே பேங்க் கவுன்ட்டருங்க வரிசையா இருக்கு. பொதுவா ஏர்போர்ட்ல மாத்தாதேன்னுதான் சொல்லுவாங்க, நானும் மேல அதத்தான் சொன்னேன், ஆனா கட்டுநாயக்க மட்டும் அப்படி இல்ல, ஊருக்குள்ள இருக்கற பேங்க் ரேட்டுக்கும் அங்க இருக்கறதுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நாலு கவுன்ட்டர் போர்டப் பாத்துட்டு மாத்திக்கங்க. அந்த ரசீதையும் வச்சுக்கங்க, திரும்பி வரும்போது மிச்சம் இருந்தா அங்கயே டாலரா மாத்திட்டு வந்துடணும், இங்க கொண்டாந்தா அந்த நோட்ட வாங்க ஆள் கெடைக்கறது கஷ்டம்.

இப்ப கார்டு. இதுல நான் பட்டது வேற. கொழும்புல ஒரு துணிக்கடையில பெரியம்மாவுக்கும் பிள்ளைங்களுக்கும் எடுத்தோம், பில்லு 42,000 இலங்கை ரூபா. கார்டு போட்டதும் மெஷின்ல இந்திய ரூபாயா இலங்கை ரூபாயான்னு கேட்டுருக்கு, கல்லாவுல இருந்த பையன் எங்கிட்ட கேக்காமயே இந்திய ரூபாய அமுக்கிட்டான். சீட்டுல 12,480 ரூபான்னு வந்துச்சு. அன்னைக்குக் கணக்குக்கு 11,700 ரூபாக்குள்ள வந்திருக்கணும். நம்ம ரூபாயிலயே காட்டுறப்ப வசதியா, நம்பிக்கையா தெரியும், ஆனா மாத்தற ரேட்ட முடிவு பண்றது அந்தக் கடைக்காரனோட பேங்க் தரப்பு ஆளுங்க, அவங்க லாபத்த வச்சுத்தான் போடுவாங்க. அதனால எந்த நாடா இருந்தாலும், சிங்கப்பூரோ துபாயோ தாய்லாந்தோ, மெஷின்லயும் ஏடிஎம்லயும் கேட்டா அந்த ஊர் காசத்தான் அமுக்கணும். மெஷின நம்ம பக்கம் திருப்பச் சொல்லிக் கேளுங்க, கூச்சப்படாதீங்க.

ஊர் காச அமுக்கினாலும் வெளிநாட்டுக் காசுல செலவு பண்ணினதுக்கு நம்ம பேங்க் மார்க்கப்னு ஒரு கூடுதல் கட்டணம் போடும். பெரும்பாலான கார்டுல 3.5 சதவீதம், அதுக்கு மேல ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். லட்ச ரூபாய்க்கு 4,130 ரூபா. மார்க்கப் இல்லாத கார்டும் சில பேங்க்ல குடுக்கறாங்க, போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க. ஏடிஎம்ல எடுத்தா மார்க்கப்போட நம்ம பேங்க் ஒவ்வொரு தடவைக்கும் நூறு நூத்தம்பது ரூபா தனியா பிடிக்கும், அந்த ஊர் ஏடிஎம்மும் பிடிக்கலாம், அதனால எடுத்தா ஒரே தடவையா எடுங்க. வெளிநாட்டுக் காச முன்னாடியே போட்டு வச்சுக்கற ஃபாரெக்ஸ் கார்டு நல்லதுதான், ஆனா சிலோனுக்கு யோசிக்கணும். சிங்கப்பூர் டாலர், திர்ஹாம் எல்லாம் அதுல லோட் பண்ணிக்கலாம், இலங்கை ரூபா பொதுவா இருக்காது, டாலர் போட்டுக்கிட்டுப் போய் அங்க தேச்சா டாலர இலங்கை ரூபாயா மாத்தறதுக்குக் கிராஸ் கரன்சி சார்ஜுனு திரும்பவும் ஒரு வெட்டு விழும்.

யூபிஐ 2024 பிப்ரவரில இருந்து இலங்கைல இருக்கு, லங்கா கியூஆர்னு அந்த ஊர் கியூஆர் கோடு ஒட்டியிருக்கற கடையில. ஆப்புல இன்டர்நேஷனல்னு இருக்கறத மொதல்ல ஆன் பண்ணணும், பின் போடறதுக்கு முன்னாடியே எத்தனை இந்திய ரூபான்னு காட்டும், அதப் பாத்துட்டுப் போடுங்க. ரெண்டாவது தடவ கொழும்புல ரெண்டு கடையில வேலை செஞ்சுது. மலையகத்துல ஹட்டன் டவுன் தாண்டிட்டா கையில காசுதான், தோட்டத்துக் கடையில கியூஆர தேடிட்டு நிக்காதீங்க.

கார்டுலயும் வெளிநாட்டு உபயோகம்னு தனியா ஆன் பண்ணணும், 2020க்கு அப்புறம் குடுக்கற கார்டு எல்லாம் இந்தியாவுக்குள்ள மட்டுந்தான் வேலை செய்யற மாதிரி வரும். அந்த அக்காவுக்கும் அவங்க கூடப் போறவங்களுக்கும் சொல்றேன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுலதான் இருப்பேன், போனையும் கார்டையும் எடுத்துட்டு வாங்க, ஆன் பண்ணிக் குடுத்துட்டு கோயமுத்தூர் கடைங்களுக்கு எங்க வீட்டுல இருந்தே போன் போட்டு ரேட் கேட்டுடலாம்.