13 வருஷம் காத்திருந்தவனுக்கு 86 நிமிஷம் உக்கார முடியலையா?

2019 ஆகஸ்ட் 30. வியாழக்கிழமை ராத்திரி 12 மணி தாண்டுன உடனே 'டூல்'ங்கிற அமெரிக்க மெட்டல் இசைக்குழு 13 வருஷம் கழிச்சுப் போட்ட 'ஃபியர் இனாகுலம்' ஆல்பம் போன்ல வந்து நிக்குது. 12.35க்கு கூட்டாளிகிட்டேருந்து மெசேஜ்: "மச்சான், மொக்கைடா. 13 வருஷம் வேஸ்ட்."

வந்துச்சே ஒரு ஆத்திரம்! படுத்துக்கிட்டே கணக்குப் போட்டேன். டிஜிட்டல்ல ஆல்பம் மொத்தம் 86 நிமிஷம் 38 நொடி. முதல் பாட்டு 10 நிமிஷம் சொச்சம். அடுத்தது 'நியூமா', 12 நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. நடுவுல 2 நிமிஷத்துக்கு ஒரு முனகல். அப்புறம் 'இன்வின்சிபிள்', பன்னண்டே முக்கால் நிமிஷம். ஒரு நொடிகூடத் தள்ளி ஓட்டாம கேட்டிருந்தாலும் 12.35க்கு இந்தப் பாட்டே முடிஞ்சிருக்காது. அந்தப் பாட்டு எதைப் பத்தின்னு பாருங்க. வயசான போர்வீரன் ஒருத்தன், தன்னைக் காலம் ஓரங்கட்டப் பாக்குதுன்னு தெரிஞ்சும் கவசத்தை மாட்டிக்கிட்டு நிக்கிறான். அந்தாளு இன்னும் வாளைக்கூடக் கீழ வைக்கலை, அதுக்குள்ள பாடை கட்டிட்டான் என் கூட்டாளி.

இவன் ஒருத்தன்னா பரவாயில்லை. விடிஞ்சு பாத்தா ஊர் உலகமே தீர்ப்பு எழுதி முடிச்சிருக்கு. பாதிப் பேருக்குக் குப்பை, பாதிப் பேருக்குக் காவியம். கேட்டு முடிச்சவன் எவன்னுதான் தெரியலை.

எப்பேர்ப்பட்ட காத்திருப்பு தெரியுமா அது? இதுக்கு முந்தின ஆல்பம் '10,000 டேஸ்' வந்தது 2006ல. அப்ப என் கையில இருந்தது பட்டன் போன். அப்புறம் ஆல்பம் ஓவியம் சம்பந்தமா 2007ல ஒரு வழக்கு ஆரம்பிச்சு, இன்சூரன்ஸ் கம்பெனி வேற உள்ள வந்து, 2015 வரைக்கும் இழுத்தடிச்சுது. பாடகர் மேனார்ட் ஜேம்ஸ் கீனன் அரிசோனாவுல திராட்சை போட்டு வைன் பண்ணாரு. தன்னோட இன்னொரு குழுவான 'எ பெர்ஃபெக்ட் சர்க்கிள்' கூட 2018ல ஆல்பமே போட்டுட்டாரு. எங்களுக்கு மட்டும் வருஷா வருஷம் "இந்த வருஷம் கண்டிப்பா வந்துரும்." கல்யாணம் ஆகாத பையனைப் பாத்துச் சொந்தக்காரங்க சொல்ற மாதிரி. பழைய பாட்டுங்ககூட ஸ்ட்ரீமிங்ல கிடையாது. 2019 ஆகஸ்ட் 2ஆம் தேதிதான் அதையே திறந்துவிட்டாங்க. அதுவரைக்கும் எவனோ ஏத்திக் குடுத்த ஹார்ட் டிஸ்க்கை வெச்சு ஓட்டின ஆளுங்க நாங்க. அப்படிக் காத்துக்கிடந்தவனுக்கு ஒண்ணரை மணி நேரம் வாயை மூடிக்கிட்டு உக்கார முடியலை!

சரி, என்னதான் குறைங்கிறாங்க? "மேனார்ட் கத்தவே இல்லை." யோவ், 2001ல வந்த 'லேட்டரலஸ்' ஆல்பத்துல 'தி கிரட்ஜ்' பாட்டுக் கடைசியில மூச்சு விடாம 20 நொடிக்கு மேல கத்துனாரு, வாஸ்தவம். அப்ப அவருக்கு வயசு 37. இந்த ஆல்பம் வரும்போது 55. உங்க வீட்டுல 55 வயசு சித்தப்பாவை மூணு மாடி ஏறச் சொல்லிட்டு, மேல போன உடனே அதே மாதிரி கத்தச் சொல்லுங்க. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வைக்கிறேன்.

அடுத்தது, "பாட்டெல்லாம் ரொம்ப நீளம்." ஆல்பத்தோட பேரையே வெச்ச முதல் பாட்டை மூணு வாரம் முன்னாடியே விட்டாங்க. 10 நிமிஷம் 21 நொடி. அமெரிக்காவுல ஹிட் பாட்டுங்களை வரிசைப்படுத்துற பில்போர்டு ஹாட் 100 பட்டியல்ல 93ஆவது இடத்துல நுழைஞ்சப்ப, அதுவரைக்கும் அந்தப் பட்டியலுக்குள்ள வந்ததுலயே நீளமான பாட்டு அதுதான். நீளம்னு தெரிஞ்சேதானே வந்தீங்க? பிரியாணிக் கடையில போய் "அரிசி அதிகமா இருக்கு"ன்னு சண்டை போடுறவனை என்ன பண்றது?

ஒரு குறையை மட்டும் என்னால தள்ள முடியலை. எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி எழும்புதுங்கிறாங்க. உண்மைதான். மெதுவா ஒரு மீட்டல், தபலா மாதிரி ஒரு தட்டல், தூரத்துலேருந்து குரல், எட்டாவது ஒன்பதாவது நிமிஷத்துல கிட்டார் பொங்கும். அதுலயும் சில மீட்டலைக் கேக்கும்போது 'லேட்டரலஸ்' காலத்துச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு வந்த மாதிரிதான் இருக்கு. கடைசியில 'மாக்கிங்பீட்'னு 2 நிமிஷம் கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம் வருதே, அது எதுக்குன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கலை.

ஆனா திட்டுறவனைவிட எனக்குப் பத்திக்கிட்டு வர்றது இன்னொரு கோஷ்டியைப் பாத்தா. "உனக்குப் பிடிக்கலையா? அப்ப உனக்குப் புரியலை." இதான் அவங்க தேசிய கீதம். 'லேட்டரலஸ்' பாட்டுல அசைகளை ஃபிபனாச்சி வரிசையில (முந்தின ரெண்டு எண்ணையும் கூட்டினா அடுத்த எண் வருமே, அது) அடுக்கிப் பாடினாலும் பாடினாங்க, அன்னிலேருந்து அதைக் கேட்டவனெல்லாம் கணக்கு வாத்தியார் ஆயிட்டான். இந்த ஆல்பத்துல ஏழு ஏழா எண்ணுற மீட்டல்கள் நிறைய வருதா, அவ்வளவுதான், ஏழு கிரகம், ஏழு சக்கரம்னு கிளம்பிட்டாங்க. ஐயா, ஏழு எண்ணுறது ஒண்ணும் தேவ ரகசியம் இல்லை. தகிட தகதிமி, தகிட தகதிமி. மிஸ்ர சாபு தாளம். நம்ம ஊர்ல பாட்டு கிளாஸ் போற எட்டு வயசுப் பிள்ளை தொடையில தட்டிக்கிட்டு இருக்கு. டிரம்மர் டேனி கேரி தபலாவை ஒழுங்கா உக்காந்து கத்துக்கிட்ட மனுஷன். அந்தாளு அமைதியா வாசிக்கிறாரு. இவங்கதான் காவி கட்டாத குறையா அருள்வாக்கு சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க.

டெய்லர் ஸ்விஃப்ட்டோட 'லவர்' ஆல்பத்தைத் தள்ளிட்டு இது பில்போர்டு 200ங்கிற ஆல்பம் பட்டியல்ல முதல் இடத்துக்கு வந்துச்சுன்னு அந்தப் பொண்ணோட ரசிகர்கள்கிட்ட வம்புக்குப் போனவங்க கதையை நான் பேசவே போறதில்லை. காதுல நரை முடி வந்தவனெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைங்களோட மல்லுக்கு நின்னான். வெக்கக்கேடு.

குழுவையும் சும்மா விட முடியாது. முதல்ல விட்ட சிடி இருக்கே, அது சிடியா இல்லை சின்ன டிவியா? திறந்தா உள்ள 4 இன்ச் திரை, வீடியோ ஓடுது. ஸ்பீக்கர் வேற. சார்ஜ் போட யுஎஸ்பி ஒயர். 36 பக்கப் புத்தகம். இதோட விலைக்குச் சாதாரண சிடி நாலஞ்சு வாங்கலாம். அமெரிக்காவுலேருந்து வந்த ஒருத்தர் கொண்டாந்து காட்டுனாரு. நாங்க நாலு பேர் சுத்தி உக்காந்து, பேரீச்சம்பழ டப்பாவுக்குள்ள எட்டிப் பாக்கிற மாதிரி அந்தத் திரையையே பாத்துக்கிட்டு இருந்தோம். வீடியோ முடிஞ்சப்புறம்தான் ஒருத்தன் கேட்டான், "ஆமா, சிடியைப் போட பிளேயர் எங்க?" அந்த வீட்டுல பிளேயரே கிடையாது. போன்லயே பாட்டைப் போட்டோம்.

நானும் யோக்கியன் இல்லை. முதல் தடவை கேட்டப்ப 'கல்லிங் வாய்சஸ்' பாட்டுல தூங்கிட்டேன். காலையில அதைச் சொல்லாம "பிரமாதம்"னு நாலு பேருக்கு அனுப்பியும் விட்டேன். 'டெம்பஸ்ட்'டை, அதான் 15 நிமிஷம் 43 நொடி ஓடுமே, அதை முழுசாக் கேட்டதே ரெண்டு வாரம் கழிச்சு பஸ்ல போகும்போதுதான். ஜன்னலோர சீட்டு, சுங்கச்சாவடியில வண்டி நகரவே இல்லை. ஆடம் ஜோன்ஸ் கிட்டாரை நிமிஷக்கணக்குல இழுத்துக்கிட்டே போறாரு, விடவே மாட்டேங்கிறாரு. பாட்டு முடிஞ்சப்பவும் வண்டி அதே இடத்துலதான். திரும்ப முதல்லேருந்து போட்டேன். அந்தப் பாட்டுக்கு 2020ல கிராமியும் கிடைச்சுது. உடனே என் கூட்டாளி என்ன அனுப்புனான் தெரியுமா? "சொன்னேன்ல மச்சான், நம்ம பசங்க!"

போன வாரம் மறுபடி அவன்கிட்டேருந்து மெசேஜ். "அடுத்த ஆல்பம் எப்படா விடுவானுங்க?"

"டேய், போன ஆல்பத்துல 'இன்வின்சிபிள்' முடிஞ்சிருச்சா?"ன்னு கேட்டேன். நீல டிக் விழுந்து அஞ்சு நாள் ஆச்சு.