தலை மட்டும் எதற்கு?

எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு மூன்று புத்தர் வந்தார். ஒருவர் தொப்பையோடு சிரிக்கிறவர் (அவர் புத்தரே இல்லை, 10ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி புடாய் என்பார்கள், அது தனிக்கதை). மற்ற இரண்டும் வெறும் தலை. கழுத்தோடு சரி, கீழே ஒன்றும் கிடையாது. "பார்த்தாலே மனசு அமைதியாகுது இல்ல?" என்று கொடுத்தவர் கேட்டார், நானும் தலையாட்டி வைத்தேன்.

எனக்கு என்னவோ ஆகவில்லை. புத்தர் சிலையில் முகம் பேசுவதைவிடக் கை பேசுவதுதான் அதிகம். சந்தேகம் இருந்தால் இந்தோனேசியாவில், ஜாவாத் தீவில் இருக்கும் போரோபுதூர் பௌத்தக் கோயிலைப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டுக் கட்டடம், மொத்தம் 504 புத்தர்கள், தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாரும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே ஆள். கீழ் நான்கு அடுக்குகளில் கிழக்கே பார்ப்பவர் வலக்கை விரலால் நிலத்தைத் தொடுகிறார், தியானத்தைக் கலைக்க மாரன் என்ற தீய சக்தி வம்புக்கு வந்தபோது பூமியைச் சாட்சிக்கு அழைத்தாரே, அந்தக் கணம். தெற்கே உள்ளவர் கையை விரித்து வரம் தருகிறார், மேற்கே மடியில் கைவைத்துத் தியானம், வடக்கே 'பயப்படாதே' என்று உயர்த்திய உள்ளங்கை. உச்சியில் துளையிட்ட தூபிகளுக்குள் இருக்கும் 72 பேருக்கும் அறவாழி (தர்மச் சக்கரம்) உருட்டும் முத்திரை, அதாவது உபதேசம் செய்யும் கை. கையை எடுத்துவிட்டால் யார் எவர் என்று எப்படிச் சொல்வது?

அங்கேயும் 300க்கு மேற்பட்ட சிலைகள் சிதைந்துதான் கிடக்கின்றன, பெரும்பாலானவற்றுக்குத் தலையே இல்லை. சேகரிப்பவர்களுக்கு முழுச்சிலையைத் தூக்குவது கஷ்டம், தலையை உடைத்து எடுப்பது சுலபம். நம் ஹால் அலங்காரத்துக்கு மூலம் இப்படி அறுபட்ட தலைகள்தான் என்று நினைத்தால் எனக்கு அமைதி வரமாட்டேன் என்கிறது.

நம் ஊர்ச் சமாச்சாரத்துக்கு வருகிறேன். நாகப்பட்டினத்தில் 1856 முதல் மண்ணுக்குள்ளிருந்து சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன, சுமத்ராத் தீவின் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரம் என்ற புத்த மடம் இருந்த ஊர் அது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் சில இருக்கின்றன. உச்சந்தலையில் ஒரு சுடர் எரியும் பாருங்கள், ஞானத்தின் அடையாளம், இலங்கைப் புத்தர்களிலும் அதே சுடர். கடை பொம்மைகளில் அதைத் தேடினாலும் கிடைக்காது. நம் ஊர்ச் செப்புத் திருமேனிகளின் வேலை முறை தெரியும்தானே: மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவத்தை விரல் நுனிவரை பிடித்து, வண்டல் மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அப்புறம் அந்த மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கவேண்டும், அதனால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். அத்தனை பாடுபட்டவன் கையை அலட்சியமாகச் செய்திருப்பானா?

அந்த இரண்டு தலைகளும் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன. வைக்கவும் பிடிக்கவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. வேறு யார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காவது தள்ளிவிடலாம் என்கிறாள் மனைவி.